ஆண் பழ ஈ சில நாள் பெண்ணைக் கண்டுகொள்ளாதது ஏன்?

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களின் செயல்திட்டத்துக்காகப் பழக்கடையில் பிடித்த பழ ஈக்களை வளர்க்கிறோம். ஓர் ஆண், ஒரு பெண் என்று கண்ணாடிக் குழாயில் விட்டால், ஒன்றில் ஆண் விடாமல் துரத்துகிறது. இன்னொன்றில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஈயில் கோளாறா, எங்கள் முறையில் கோளாறா? (விலங்கியல் ஆசிரியை ஒருவர்)

பதில்: ஈக்கு ஒன்றும் இல்லை. கடந்த மூன்று நான்கு நாள் அது என்ன செய்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை.

கண்டுகொள்ளாத அந்த ஆணை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெண்ணின் அருகே போய் முன்னங்காலால் ஒரு தட்டு தட்டும். காலில் சுவை அறியும் மயிர்கள் உண்டு. பெண்ணின் உடல்மேல் உள்ள மெழுகுப் பூச்சிலிருந்து இனமும் பாலும் அதற்குத் தெரிந்துவிடும். இந்தத் தகவல் பி1 என்ற நரம்பணுக் கூட்டத்துக்குப் போகிறது. ஆண் மூளையில் மட்டும் இருக்கும் கூட்டம் இது. அது தூண்டப்பட்டால் துரத்தல் தொடங்கும்; ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து அதிரவைத்து ஆண் 'பாடும்'.

தட்டிய பிறகும் துரத்தாமல் போவது ஏன்? டோபமைன் என்ற மூளை ரசாயனம்தான் காரணம். பத்திரிகைகள் இதற்கு 'இன்ப ரசாயனம்' என்று பெயர் சூட்டிவிட்டன. ஈயின் விஷயத்தில் அந்தப் பெயர் குழப்பத்தான் செய்யும். இங்கே அது பி1 எவ்வளவு எளிதில் தூண்டப்படும் என்பதைக் கூட்டிக் குறைக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பல பெண்களோடு விடப்பட்ட ஆண்கள் சில மணி நேரத்தில் பலமுறை இணைந்துவிட்டு ஆர்வம் இழந்தன. டோபமைன் சமிக்ஞையும் தணிந்திருந்தது. ஆர்வம் பழைய நிலைக்கு வர மூன்று நாள் ஆனது. ஆனால் டோபமைன் நரம்பணுக்களைச் செயற்கையாகத் தூண்டியபோது, அலுத்துப்போன ஆண்களே மறுபடி துரத்தின.

ஆகவே துரத்திய நேரத்தை மட்டும் குறிக்காமல், எத்தனை தட்டுக்கு ஒரு துரத்தல் என்று எண்ணச் சொல்லுங்கள். அலுத்த ஆணும் தட்டும், ஆனால் பெரும்பாலும் தட்டோடு நின்றுவிடும்.

பெண்ணின் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. ஏற்கெனவே இணைந்த பெண்ணின் உடலில், விந்தோடு வந்த ஒரு சிறு புரதம் அவள் மூளையின் போக்கையே மாற்றிவிடுகிறது. பல நாள் வரை முட்டையிடும் குழலை நீட்டி ஆண்களை விலக்குவாள். முந்தைய ஆண் விட்டுப்போன வாடையும் அவள்மேல் இருக்கும். இப்படி விரட்டப்பட்ட ஆண், அடுத்த பெண்ணிடமும் கொஞ்ச நேரம் தயங்கும். அதுவும் டோபமைன் வழியாக நடக்கும் கற்றல்தான். (விரட்டப்பட்ட ஆண்கள் சாராயம் கலந்த உணவை அதிகம் நாடின என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. மாணவர்களிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள். 'காதல் தோல்வி' என்று மட்டும் நோட்டில் எழுத விடாதீர்கள்.)

சரி, செய்ய வேண்டியது இதுதான். கடையில் பிடித்த ஈக்களை நேரடியாகச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் இரண்டு மூன்று இனம் கலந்திருக்கும், பெண்களில் பெரும்பாலானவை இணைந்தவையாகவே இருக்கும். ஒரே பெண்ணின் குஞ்சுகளை வளர்த்து, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் ஆண் பெண் பிரித்துவிடுங்கள். வெளிறிய உடலும் வயிற்றில் தெரியும் கரும்பொட்டும் புதிதாக வந்ததற்கு அடையாளம். ஆண்களைத் தனித்தனிக் குழாயில் நான்கைந்து நாள் வைத்திருங்கள். மயக்க மருந்து கொடுத்தால் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். சோதனை அன்று உறிஞ்சு குழாயால் மாற்றுவதே நல்லது. நேரம், காலை வேளை. நடுமதியத்தில் பழ ஈக்கள் சோம்பிக் கிடக்கும்.

அப்புறம், இணைந்து ஓய்ந்த ஆண்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றைத் தனியே வைத்து, முதல் நாளும் மூன்றாம் நாளும் புதுப் பெண்ணோடு விட்டுப் பார்த்தால், உங்கள் செயல்திட்டத்துக்கு இரண்டாவது பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.