முந்திரிக்கொத்துதான் முதல் ஈடு

கேள்வி: கிறிஸ்துமஸ் நாட்களில் உங்கள் வீட்டில் என்னென்ன நடக்கும்? தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம் ஏதாவது உண்டா?

தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்துக்கும் ஏரலுக்கும் இடையில், தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. ஒரு பக்கம் வயலும் வாழையும். தெற்கே கொஞ்ச தூரம் போனால் பனங்காடும் செம்மண் தேரியும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கிறிஸ்துமஸ் என்ற சொல்லை அதிகம் சொல்ல மாட்டார்கள். பண்டிகை என்றாலே அதுதான். தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். 'பண்டிகைக்கு எப்போது வருகிறாய்?' என்று அம்மா நவம்பர் கடைசியில் தொலைபேசியில் கேட்டால், பலகாரம் சுடும் சனிக்கிழமைக்கு வருவாயா என்று பொருள். 25-ஆம் தேதிக்கு எப்படியும் வந்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் இரண்டு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். ஒன்று வெள்ளையடிப்பது. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்த காலம் போய், இப்போது சுற்றுச்சுவருக்கு மட்டும் அடிக்கிறோம். இன்னொன்று நட்சத்திரம். கடையில் மடித்து வைத்து விற்கும் அட்டை நட்சத்திரத்தை அப்பா வீட்டுக்குள் விட்டதே இல்லை. மூங்கிலைச் சிம்பாகச் சீவி, ஐந்தைந்து குச்சிகளில் ஒரே அளவாக இரண்டு நட்சத்திரங்கள் கட்டுவார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்குவார். பிறகு உள்மூலைகள் ஐந்திலும் சாண் நீளக் குச்சிகளை நிறுத்தி இரண்டையும் விலக்கும்போதுதான் அதற்கு வயிறு வரும். எங்களுக்குச் சிறுவயதில் அந்த நிமிடம்தான் பிடிக்கும்; தட்டையாகக் கிடந்தது சட்டென்று எழுந்து உட்காரும். மைதாப் பசை காய்ச்சி வண்ணத்தாள் ஒட்டுவது எனக்கும் தம்பிக்கும் உரிய வேலை. உள்ளே ஒரு குண்டு பல்பு. டிசம்பர் முதல் தேதி மாலை அது வாசல் வேம்பில் ஏறிவிடும். வாசலில் மண் நிரப்பிய குடத்தில் சவுக்குக் கிளையும் ஊன்றிவிடுவோம்.

அந்த மாதம் முழுவதும் விடியற்காலையில் பஜனை போகும். பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் கஞ்சிராவும் தாளமும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கீர்த்தனை பாடிப் போவார்கள். மார்கழி பிறந்துவிட்டால் அம்மன் கோவில் ஒலிபெருக்கியிலிருந்து திருப்பாவையும் அதே நேரத்தில் கேட்கும். கருப்பட்டிக் காப்பியின் மணத்தோடு அந்த இரண்டு பாட்டுகளும் காதில் விழுந்தால்தான் எனக்கு டிசம்பர் என்று நம்பிக்கை வரும்.

இனிப் பலகாரத்துக்கு வருகிறேன். கேள்வியைப் பார்த்ததும் நான் எழுத நினைத்தது இதைத்தான்.

எங்கள் வீட்டில் முக்கியமானவை இரண்டு: முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. வெளியூர் நண்பர்கள் முந்திரிக்கொத்தைக் கையில் வாங்கியதும் முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். அதில் அது கிடையாது. திராட்சைக்குக் கொடிமுந்திரி என்ற பெயர் உண்டல்லவா, மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துப் போல இருப்பதால் இந்தப் பெயர் என்று ஆச்சி சொல்வார். சிறுபயறை வாசம் வர வறுத்து, மில்லில் கரகரப்பாகத் திரித்து வாங்க வேண்டும். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, எள்ளும் சுக்கும் ஏலக்காயும் சேர்க்க வேண்டும். கருப்பட்டியைக் காய்ச்சி மண் போக வடிகட்டிப் பாகு எடுத்து ஊற்றியதும், கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டியாக வேண்டும். ஆறவிட்டால் உதிர்ந்துபோகும். அதனால்தான் அன்றைக்கு வீட்டில் எத்தனை கைகள் இருந்தாலும் போதாது. பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து உருட்டுவார்கள். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. உருண்டைகளை மஞ்சள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போடுவது அம்மாவின் பொறுப்பு. தேங்காயைச் சரியாக வறுத்து, ஈரம் படாமல் வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் தாங்கும்.

அச்சு முறுக்குக்கு ஆள் பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். எங்கள் கணக்கில் ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு நான்கு முட்டை, இரண்டு தேங்காயின் பால், 400 கிராம் சீனி, ஒரு கை எள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். பிறகு மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். முழுதாக முங்கிவிட்டால் மாவு மேலேயும் மூடிக்கொள்ளும். எவ்வளவு உதறினாலும் கழன்று விழாது. எங்களிடம் இருக்கும் பித்தளை அச்சு ஆச்சி கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. புது அச்சைக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெயில் போட்டுவைத்துப் பழக்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. மாவைத் தொட்டு எண்ணெயில் வைத்து லேசாக அசைத்தாலே பூ கழன்று மிதக்கும்.

ஆச்சி வைத்துப்போன சட்டம் ஒன்று உண்டு. புது எண்ணெயில் முதல் ஈடு முந்திரிக்கொத்துதான். எவ்வளவு நேரமானாலும் அது முழுவதும் முடிந்த பிறகுதான் அச்சு முறுக்கு மாவில் முட்டையை உடைக்க வேண்டும். காரணம் எதிர்வீடு. எதிர்வீட்டுச் சித்தப்பா கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். நம் பண்டிகை எப்போதும் அவர்களுடைய விரத நாட்களில்தான் வரும். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் அங்கிருந்து வாழையிலை மூடிய தட்டில் வந்திருக்கும். பதிலுக்கு நாம் கொடுப்பதை அந்த வீட்டில் ஒருவர் சாப்பிட முடியாமல் போகலாமா என்பது ஆச்சியின் கேள்வி. அதனால் அவர்களுடைய பங்கு முட்டை படாத எண்ணெயில், முட்டை படாத கரண்டியால் எடுக்கப்பட்டுத் தனித் தூக்குவாளியில் போய்விடும். சிறுவனாக இருந்தபோது, அச்சு முறுக்குக்காக இரவு பத்து மணி வரை விழித்திருக்க வேண்டியிருக்கிறதே என்று இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது.

2023-இல் பலகாரம் சுட்டது டிசம்பர் 16, சனிக்கிழமை. நான் சென்னையிலிருந்து அதற்காகவே வந்திருந்தேன். மறுநாள் ஞாயிறு இரவு செந்தூர் எக்ஸ்பிரஸில் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வரும்போதே மழை வலுத்திருந்தது. மாலையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். 'போக வேண்டாம்' என்று அம்மா பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அந்த ரயில்தான் அன்றிரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட, சுமார் 800 பயணிகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஆறும் குளமும் ஒன்றாகி ஊருக்குள் வந்தபோது எங்களிடம் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

தெருவில் மாடி அறை இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். திங்கட்கிழமை விடிவதற்குள் மூன்று வீட்டார், பதினொரு பேர், அந்த ஓர் அறையில் இருந்தோம். எதிர்வீட்டுச் சித்தி பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் வந்தார். சித்தப்பா கழுத்தில் மாலையோடு, தலையில் பழைய டிரங்குப் பெட்டியோடு வந்தார். அடுப்பு தண்ணீருக்குள். அரிசி மூட்டையைக் காப்பாற்ற முடியவில்லை. அம்மா முதலில் கட்டிலின் மேலும், பிறகு மாடிக்கும் தூக்கி வைத்தது இரண்டு தகர டின்களையும் அந்தத் தூக்குவாளியையும்தான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நாங்கள் சாப்பிட்டது பலகாரம். பிள்ளைகளுக்கு அச்சு முறுக்கு விளையாட்டாக இருந்தது. பசி தாங்கியது முந்திரிக்கொத்துதான். பயறும் கருப்பட்டியும் அல்லவா, இரண்டு கொத்து தின்று தண்ணீர் குடித்தால் ஐந்து மணி நேரம் ஓடும். முதல் நாள் காலையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அம்மா தூக்குவாளியைத் தனியாக எடுத்துச் சித்தப்பாவின் முன் வைத்தார். 'முதல் ஈடு. முட்டை படவில்லை' என்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார். மூலையில் கிழக்குப் பார்த்து நின்று சரணம் சொல்லிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டார். ஆச்சி இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. இரவு பத்து மணி வரை எங்களை விழித்திருக்க வைத்த அந்தச் சட்டத்துக்காக அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

தண்ணீர் வடிந்ததும் வீடெல்லாம் சேறு. அந்த வருடம் வெள்ளையடித்த சுவரில் மார்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. நட்சத்திரத்தின் தாள் முழுவதும் கரைந்து, வேம்பில் மூங்கில் எலும்பு மட்டும் தொங்கியது. 23-ஆம் தேதி மின்சாரம் வந்தபோது அப்பா அதற்குள் பல்பை மாட்டி எரியவிட்டார். தாள் ஒட்ட வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

பண்டிகை அன்று விடியற்காலை ஐந்து மணி ஆராதனைக்குப் போனோம். வழக்கமாகத் திரும்பி வந்ததும் குடும்ப ஜெபம், பிறகு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், அதன் பிறகு நாங்கள் தட்டு தட்டாகப் பலகாரம் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுப்பது. அந்த ஆண்டு டின்கள் காலி. ஆட்டுக்கறியும் இல்லை. அம்மா ஜெபம் முடிந்தும் பாயைச் சுருட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பண்டிகை நாளில் அண்டை வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனது அவருக்கு அதுதான் முதல் முறை.

ஏழு மணி இருக்கும். சித்தி வந்தார். நிவாரணப் பையில் வந்த ரவையில் கேசரி கிண்டி, எங்கள் வீட்டுத் தூக்குவாளியிலேயே போட்டு, வாழையிலை கிடைக்காததால் ஒரு புதுத் துண்டால் மூடிக் கொண்டுவந்திருந்தார். 'பண்டிகைக்கு இனிப்பு இல்லாமல் இருக்கலாமா அக்கா?' என்று கேட்டார். அம்மா வாங்கிக்கொண்டு அழுதார். எங்கள் பக்கம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. அம்மா சமையலறையில் தேடித் தேடி, ஈரம் படாமல் தப்பித்த ஒரே பொருளாக ஒரு சில்லுக் கருப்பட்டியைக் கண்டெடுத்து அதில் போட்டுக் கொடுத்தார்.

இப்போது அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. அச்சை அவரால் பிடிக்க முடியாது. தம்பி எண்ணெய்ச் சட்டியின் முன் உட்காருகிறான். நான் உருட்டுகிறேன். என் மகள், வயது எட்டு, போன டிசம்பரில் முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அந்த இரவு முழுவதும் ஒரே ஒரு வேலைதான்: கடைசி முந்திரிக்கொத்து சட்டியிலிருந்து வெளியே வந்து, தூக்குவாளி எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும் வரை, ஒரு முட்டையையும் யாரும் உடைக்காமல் பார்த்துக்கொள்வது.