விடுதலைத் தீர்ப்போடு முடிந்த கதைக்கு இரண்டாம் சீசன் எழுதுவது எப்படி?

கேள்வி: ஓ.டி.டி. தளத்துக்கு ஒரு க்ரைம் தொடர் எழுதுகிறேன். கதை நடப்பது நெல்லைப் பக்கம். பாலியல் வன்கொடுமை வழக்கில் மகிளா கோர்ட் குற்றவாளியை விடுதலை செய்வதோடு முதல் சீசன் முடிகிறது. போலீஸ் விசாரணையில் ஏகப்பட்ட ஓட்டை, பக்கத்து வீட்டுச் சாட்சியும் பல்டி. அடுத்த சீசனில் நாயகி சென்னை ஐகோர்ட்டில் புது வீடியோ ஒன்றைக் காட்டி ஜெயிக்க வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். நிஜத்தில் என்ன நடக்கும்?

பதில்: முதலில் ஊரை மாற்றுங்கள். நெல்லை வழக்கின் அப்பீல் சென்னைக்குப் போகாது, ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்குத்தான் போகும். அடுத்து அந்த வீடியோ. அதைத் தூக்கிவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

அப்பீலில் சாட்சிக் கூண்டுக்கு வேலையில்லை. கீழ்க்கோர்ட்டில் பதிவான வாக்குமூலங்கள், குறியீடு செய்த ஆவணங்கள், சான்றுப் பொருட்கள், இவற்றை வைத்துத்தான் இரு தரப்பும் வாதாடும். புதுச் சாட்சியம் எடுக்க பி.என்.எஸ்.எஸ். (சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 432-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பு விட்ட ஓட்டையை அடைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வீடியோ வேண்டும் என்று தயாரிப்பாளர் அடம்பிடித்தால், விசாரணையின்போது அது ஏன் வரவில்லை என்பதற்கு நம்பும்படி ஒரு காரணம் வேண்டும். ஹாஷ் மதிப்போடு (கோப்பில் கைவைக்கவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

அப்பீலுக்கு இரண்டு வாசல். அரசு போவதென்றால் அரசு வழக்கறிஞரின் கருத்து, உள்துறை உத்தரவு என்று ஃபைல் நகர வேண்டும். கெடு 90 நாள். அதோடு ஐகோர்ட்டின் முன் அனுமதியும் தேவை. பாதிக்கப்பட்டவர் தானே போனால் அந்த அனுமதி தேவையில்லை. 2009 இறுதியில் வந்த இந்த உரிமையை, 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்தியது. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். 413-ல் இருக்கிறது. விடுதலையை எதிர்த்து, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்த்து, இழப்பீடு போதாது என்று, இந்த மூன்றுக்கும் அவர் போகலாம். ‘தண்டனை குறைவு’ என்று மட்டும் போக முடியாது, அது அரசின் வேலை. சீராய்வு மனு (கீழ்க்கோர்ட் உத்தரவு சரிதானா என்று பார்க்கச் சொல்லும் மனு) போட்டும் பயனில்லை. அதில் விடுதலையைத் தண்டனையாக மாற்ற முடியாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

நாயகியிடம் பணமில்லை என்று அழவைக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தால் போதும். விடுதலை ஆனாலும் இழப்பீடு கேட்கலாம். ‘நல்சா’வின் (தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு) 2018 திட்டப்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய்.

இனி முக்கியமான இடம். உங்கள் இரண்டாம் சீசனின் விதை முதல் சீசனின் கோர்ட் பதிவுக்குள்ளேயே கிடக்க வேண்டும். பல்டி அடித்த சாட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸிடம் ‘அலறல் கேட்டது, அவன் ஓடினதைப் பார்த்தேன்’ என்றவர், கூண்டில் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்கிறார். அரசு வழக்கறிஞர் (பி.பி.) அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, குறுக்கு விசாரணை செய்து, பழைய வாக்குமூலத்தின் அந்த வரியையே படித்துக் காட்டுகிறார். சாட்சி மறுக்கிறார். சினிமாவில் காட்சி இங்கே முடிந்துவிடும். நிஜத்தில் இன்னொரு கேள்வி பாக்கி: பிறகு கூண்டேறும் விசாரணை அதிகாரியிடம் ‘இந்தச் சாட்சி உங்களிடம் அப்படிச் சொன்னாரா?’ என்று கேட்டு, ‘ஆம்’ என்ற பதிலைப் பதிய வேண்டும். அதைக் கேட்க மறந்தால் ஐகோர்ட்டைப் பொறுத்தவரை அந்த முரண்பாடே கிடையாது. கேட்டாலும், போலீஸ் வாக்குமூலம் அந்தச் சாட்சியின் நம்பகத்தன்மையை உடைக்குமே தவிர, அதுவே சாட்சியமாகிவிடாது.

சான்றாகக் கைப்பற்றும் துணியும் அப்படித்தான். ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பதிவு) 4-ம் தேதி, கோர்ட்டுக்கு அனுப்பும் ஃபார்ம் 95-ல் 19-ம் தேதி என்றிருந்தால், இடைப்பட்ட நாட்களில் துணி எங்கே இருந்தது என்ற ஒரு கேள்வியே எதிர்த்தரப்புக்குப் போதும். இந்த ஓட்டையை அப்பீலில் யாராலும் அடைக்க முடியாது.

அப்படியானால் நாயகி எதை வைத்து ஜெயிப்பாள்? தீர்ப்பில் உள்ள சட்டப் பிழையை வைத்து. வெறுமனே ‘வேறு முடிவுக்கும் வந்திருக்கலாம்’ என்பது போதாது. இரண்டு பார்வைக்கு இடமிருந்தால் விடுதலையில் கை வைக்கக் கூடாது என்பது 2007-ன் சந்திரப்பா தீர்ப்பு. எனவே முதல் சீசனின் தீர்ப்புக் காட்சியில் நீதிபதி வாயில் ஒரு தவறான வரியை வையுங்கள். ‘உடலில் காயமில்லை, எனவே சம்மதம்’ என்று வைக்கலாம். பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 63-ன்படி, எதிர்த்துப் போராடவில்லை என்பதால் மட்டும் சம்மதம் ஆகிவிடாது. அல்லது டாக்டரின் இருவிரல் பரிசோதனையை நம்பி ‘உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்’ என்று எழுதட்டும். அந்தப் பரிசோதனை செய்வதே ஒழுங்கீனம் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும் என்கிறது 1996-ன் குர்மித் சிங் தீர்ப்பு. வக்கீலுக்கு வாதாட இதைவிட நல்ல காட்சி எந்த வீடியோவிலும் கிடைக்காது.

ஐகோர்ட் மறுவிசாரணைக்கும் உத்தரவிடலாம், ஆனால் அபூர்வம். குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி கொலை வழக்கில் 2003-ல் 21 பேரும் விடுதலையானார்கள். 2004-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி மறுவிசாரணை நடத்தச் சொன்னது. 2006-ல் ஒன்பது பேருக்குத் தண்டனை. மாற்றி மாற்றிப் பேசிய முக்கிய சாட்சிக்கும் ஓராண்டு சிறை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கிளைக்கதை வேண்டுமென்றால் இது உதவும்.

காலக்கணக்கில் அவசரப்பட வேண்டாம். பழங்குடிப் பெண்கள் அரசு ஊழியர்களின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி சம்பவம் 1992, தருமபுரி கோர்ட் தீர்ப்பு 2011, ஐகோர்ட் அதை உறுதிசெய்தது 2023. உங்கள் கதையில் ‘ஆறு மாதம் கழித்து’ என்று கார்டு போட்டால் எந்த வக்கீலும் சிரிப்பார். ஆறு மாதம் என்பது வேறு இடத்தில் வரும்: மேல்கோர்ட் அழைத்தால் ஆஜராவேன் என்று குற்றம்சாட்டப்பட்டவர் தரும் பிணைப்பத்திரத்துக்கு ஆயுள் அவ்வளவுதான் (பி.என்.எஸ்.எஸ். 481). நோட்டீஸ் அதற்குள் போகாவிட்டால் அவனைத் தேடிப் பிடிப்பதே ஒரு எபிசோட்.

கடைசியாக, சம்பவத் தேதி 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் வசனத்தில் ‘ஐ.பி.சி. 376’ வரவேண்டும், பின் என்றால் ‘பி.என்.எஸ். 64’. நிஜ வழக்கைத் தழுவுகிறீர்கள் என்றால் பெயர், தெரு, பள்ளி என எதைக் கொண்டும் பெண்ணை அடையாளம் காண முடியாதபடி மாற்றுங்கள். அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். 72-ன் கீழ் இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு.