பதில்: அப்பிச்சி படத்தில் இருப்பது அம்பாசிடரா, லேண்ட்மாஸ்டரா?

வணக்கமுங்க. பொள்ளாச்சி வீட்டு வாசலில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கார் பக்கத்தில் நிற்கிற படம், ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, உரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து உரிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும், இழுத்தால் முகம்தான் முதலில் போகும். எங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை நான் அப்படித்தான் கெடுத்தேன், மாப்பிள்ளைக்கு இப்போது பாதி மீசைதான்.

கண்ணாடியோடு அப்படியே 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஃபிரேம் தடுத்தால், திண்ணை நிழலில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் கண்ணாடியில் எதிரொளி விழாது.

அப்புறம் கார். அம்பாசிடர், லேண்ட்மாஸ்டர் இரண்டுமே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் காரின் வழி வந்தவைதான், அதனால் முகத்தை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். பானெட்டைப் பாருங்கள்: லேண்ட்மாஸ்டரில் வழவழவென்று உருண்டிருக்கும், 1957-இல் வந்த அம்பாசிடரில் நீளவாக்கில் வரிப்பள்ளம் இருக்கும். பின் மட்கார்டு முனை லேசாகத் துடுப்பு மாதிரி எழும்பியிருந்தாலும் அம்பாசிடர்தான். நீங்கள் போட்ட சின்னப் படத்தில் அப்பிச்சி கை வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல்கோடு ஓடுகிறது, எனக்கென்னவோ அது வரிப்பள்ளம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் பெரிய ஸ்கேன் வந்தால்தான் அடித்துச் சொல்வேன். நம்பர் பிளேட்டையும் தனியாகப் பெரிதாக்கிப் போடுங்கள்.