நான்கு பிஸ்டன் காலிப்பர் போட்ட கிட் காருக்கு வீட்டிலேயே பிரேக் பேட் மாற்ற முடியுமா, ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டுமா?

தாராளமாக வீட்டிலேயே மாற்றலாம். பாகங்களாகச் சேர்த்து நாமே பூட்டிய கார்தான் கிட் கார்; பேடை டிஸ்க்கின்மேல் அழுத்திப் பிடிக்கும் கவ்விதான் காலிப்பர். சாதாரண மாருதியில் போல்ட்டைக் கழற்றி காலிப்பரையே தூக்க வேண்டும். உங்களுடையதில் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பிஸ்டன் இருப்பதால் காலிப்பர் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலான மாடல்களில் மேலே இருக்கும் பின்னையோ போல்ட்டையோ உருவினால் பேட் மேல்வழியாக வெளியே வந்துவிடும்.

தலைவலி ஸ்பேர்ஸ் கடையில்தான் ஆரம்பிக்கும். "என்ன வண்டிங்க, எந்த வருச மாடலுங்க?" என்பார்கள். இன்ஜின் ஒரு வண்டியுடையது, ஹப் இன்னொன்று, காலிப்பர் இறக்குமதி என்றால் என்னவென்று சொல்வது? வண்டியை விட்டுவிட்டு காலிப்பர் பெயரைச் சொல்லுங்கள். வில்வுட் கம்பெனியின் டைனாலைட் காலிப்பர் என்றால் 7112 என்று அந்த பேட் வடிவத்துக்கே ஓர் எண் உண்டு. பெயரே தெரியாவிட்டால் பழைய பேடின் வடிவத்தைத் தாளில் வரைந்து, தடிமனை வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள்.

கடைக்காரர் ரேஸ் பேட் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருப்பதாலோ என்னவோ, நம் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதன்மேல் ஒரு மோகம். ரேஸ் பேட் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். எடை குறைந்த கிட் கார், ஊருக்குள் சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்து போகும்போது அந்தச் சூடு வரவே வராது. அதோடு பல கிட் கார்களில் நம் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டரும் கிடையாது. காலையில் முதல் சிக்னலில் முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவதற்கும் நல்ல ரோடு பேடும் இரண்டாவது கியரும் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பேடை எடுத்ததும் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடாதீர்கள். பல ரேஸ் காலிப்பர்களில் பிஸ்டனைச் சுற்றி தூசி தடுக்கும் ரப்பர் உறை இருக்காது. பேட் தேயத் தேய வெளியே வந்த பிஸ்டன் பகுதியில் செம்மண்ணும் பேட் தூளும் சேர்ந்து இறுகிப் போயிருக்கும். அதை அப்படியே உள்ளே தள்ளினால், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் கிழிந்துவிடும். பட்டறைகளில் கிடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்டில் ஒரு நீளத் துண்டைக் கிழித்து, புது பிரேக் ஆயிலில் நனைத்து, பிஸ்டனைச் சுற்றிப் போட்டு மத்துக் கயிறு இழுப்பதுபோல இப்படியும் அப்படியும் இழுங்கள். கருப்பாக வழிந்து, உலோகம் பளபளவென்று தெரியும்வரை விடாதீர்கள். பெட்ரோலும் டீசலும் கிட்டவே வரக்கூடாது, சீல் ஊதிப்போகும்.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு பேடை மட்டும் மாற்றுங்கள். ஒரு பிஸ்டனைத் தள்ளினால் இன்னொன்று வெளியே எட்டிப் பார்க்கும். எதிர்ப்பக்கத்துப் பழைய பேட் இடத்திலேயே இருந்தால் அந்தப் பக்கத்துப் பிஸ்டன்கள் அடங்கியிருக்கும். தள்ளும் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாக, பழைய பேடை வைத்து அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரை டிஸ்க்கில் ஊன்றி நெம்ப வேண்டாம். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும்; முன்னாலேயே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அரித்துவிடும்.

பழைய பேடையும் தூக்கிப் போடுவதற்குமுன் ஒருமுறை பாருங்கள். ஒரு முனை மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தீர்ந்திருந்தாலோ ஏதோ ஒரு பிஸ்டன் இறுகியிருக்க வாய்ப்புண்டு. புது பேட் போட்டும் அந்தக் கோளாறு போகாது. டிஸ்க்கின் தடிமனையும் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டி நகர்வதற்குமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். அதை வீட்டு கேட்டுக்கு எதிரே கண்டுபிடிக்க வேண்டாம். அடுத்து, புது பேட் டிஸ்க்கோடு படிவதற்காக, விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை பிரேக் பிடியுங்கள். நடுவில் முழுதாக நிறுத்தாதீர்கள். பேட் பெட்டியில் வேறு முறை போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள்.

இதற்குப் பிறகும் பெடல் மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. இந்த வகைக் காலிப்பர்களில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று காற்று எடுக்கும் நிப்பிள் இரண்டு இருக்கும், சிலவற்றில் நான்கு. மேலே இருக்கும் இரண்டிலும் எடுங்கள். ஒன்றோடு நிறுத்தினால் அடுத்த பக்கத்துக் காற்று அங்கேயே நிற்கும்.