கேப் டவுனில் மூன்று நாள்: வாசகர் கேள்வி-பதில்

கே: டிசம்பரில் மூன்று நாள் கேப் டவுன். மேசை மலை கேபிள் காரைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறோம்… சரியா? (சாட்ஸ்வொர்த்)

ப: சரியில்லை. கோடையில் அங்கே தென்கிழக்குக் காற்று கிளம்பினால் சில சமயம் நாள்கணக்கில் விடாது. காற்று மிஞ்சினால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். இணையத்தில் எடுக்கும் சீட்டு, குறித்த நாளிலிருந்து 7 நாள் செல்லும். முதல் நாளுக்கே எடுங்கள். அன்று ஓடாவிட்டால் இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும். மதியம் 1 மணிக்கு மேல் ஏறும் சீட்டு காலைச் சீட்டைவிட மலிவு. டிசம்பரில் சூரியன் மறைய இரவு 8 ஆகும், ஆகவே அவசரமும் இல்லை.

கே: கேம்ப்ஸ் பேயில் கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்தோம். தண்ணீர் ஐஸ் மாதிரி. பிள்ளைகள் காலைக்கூட நனைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (டோங்காட்)

ப: யாரிடம், கடலிடமா? அது அட்லாண்டிக் பக்கம். கோடையிலும் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான். டர்பனின் வெதுவெதுப்பான கடலை மனத்தில் வைத்துக்கொண்டு அறை எடுத்திருக்கிறீர்கள். குளிக்க வேண்டுமென்றால் மியூசென்பெர்க், ஃபிஷ் ஹூக் கடற்கரைகளுக்குப் போங்கள்.

கே: ஃபேஸ்புக்கில் பார்த்த ஃப்ளாட்டுக்கு 6,000 ராண்ட் முன்பணம் அனுப்பினேன். இப்போது அந்த எண் எடுக்கவில்லை… வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (பீனிக்ஸ்)

ப: முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள் அம்மா; வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. இப்போதே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவுக்குப் போன் செய்து, பணம் போன கணக்கை முடக்கக் கேளுங்கள். பணத்தை அவர்கள் எடுப்பதற்குள் பிடித்தால்தான் ஏதாவது மிஞ்சும். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அவர்கள் அழிப்பதற்குள் படமெடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். வங்கி அதைக் கேட்கும். அடுத்த முறை ஃப்ளாட்டின் படத்தைக் கூகுளில் போட்டுத் தேடுங்கள், இதே பால்கனி வேறு ஊர் விளம்பரத்தில் நிற்கலாம். வாசலிலிருந்து அறைவரை வீடியோ அழைப்பில் நடந்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கே: எங்களோடு வரவிருந்த மாமியார் மருத்துவமனையில். விடுதியோ, 'பணம் திரும்பாது என்று போட்டிருக்கிறோமே' என்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ப: போட்டிருந்தால் ஆயிற்றா? இந்த ஒரு வரியைக் காட்டியே எத்தனை குடும்பங்களை வாயடைத்திருக்கிறார்கள்! தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படியுங்கள். முன்பதிவை ரத்து செய்வது உங்கள் உரிமை. விடுதி நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். எவ்வளவு முன்னால் சொன்னீர்கள், அந்த அறையை வேறு ஆளுக்குக் கொடுக்க வழி இருந்ததா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். டிசம்பரில் கேப் டவுன் அறை காலியாகக் கிடக்குமா என்று அவர்களையே கேளுங்கள். யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ ரத்துக் கட்டணமே கூடாது. ஆகவே மாமியார் பெயர் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் பங்குக்கு ரத்துக் கட்டணம் என்ற பேச்சே இல்லை, மற்றவர்களுக்கு நியாயக் கட்டணம். மருத்துவமனைக் கடிதத்தோடு மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார்.

இன்னொன்று. 'இணையத்தில் வாங்கினால் 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம்' என்று சொல்லித் திரிகிறார்கள். குறித்த தேதிக்கு எடுக்கும் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் அது பொருந்தாது.

கே: டெபிட் கார்டில் வாடகைக் கார் கிடைக்குமா? (வெரூலம்)

ப: பல இடங்களில் கிடைக்காது, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். பதிவுக்கு முன்னால் கேளுங்கள். டயரும் கண்ணாடியும் காப்பீட்டில் சேருமா என்பதையும் சேர்த்து.

கே: விமானச் சீட்டு மலிவு, பெட்டிக் கட்டணம் கொள்ளை! (ஐசிபிங்கோ)

ப: சீட்டு வாங்கும் பக்கத்திலேயே எழுதியிருந்ததே ஐயா. அப்படித் தண்டம் கட்டியவர்களில் நானும் உண்டு, அதனால் மெதுவாகத்தான் திட்டுகிறேன். கைப்பை மட்டும் போதுமென்றால் எடை வரம்பு பார்த்து வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

கே: துறைமுகத்தில் ஒருவர் ராபன் தீவுச் சீட்டைப் பாதி விலைக்குத் தருகிறார்… (லேனேசியா)

ப: வாங்காதீர்கள். மண்டேலாவைச் சிறைவைத்த அந்தத் தீவு இப்போது அருங்காட்சியகம்; அதன் சொந்த இணையதளத்தில் எடுங்கள். படகோடு சேர்த்துச் சுமார் 3½ மணி நேரம் ஆகும். கடல் கொந்தளித்தால் படகு போகாது. ஊர் திரும்பும் நாளில் வைக்காதீர்கள்.