புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. காசிமேட்டில் விசைப்படகில் வேலை. 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, சிறுநீர் அடைப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வலது கண்ணில் புரை என்று முகாமில் சொன்னார்கள். “நல்லா முத்தட்டும், வெயில் போகட்டும்” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். லேசரில் செய்தால் வலிக்காது என்கிறார் சித்தப்பா. எந்த லென்ஸ் வைக்கலாம்? திரும்ப எப்போது கடலுக்குப் போகலாம்?
– ஒரு மகள், தண்டையார்பேட்டை

பதில்: முற்றட்டும் என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழக்கம் பரவாத நாட்களில், புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அதைப் போட்டுக்கொண்டு தடுமாறுவதைவிட அரைகுறைப் பார்வையே மேல் என்று தள்ளிப்போட்டார்கள். இப்போது 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியே புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விரிக்கிறோம். புரை கெட்டியாக ஆக, அதை உடைக்க அதிக அதிர்வு தேவைப்படும். அந்த அதிர்வைக் கருவிழி தாங்க வேண்டும், பிறகு வீக்கம் வடிய நாளாகும். ரொம்பவே முற்றினால் புரை ஊதியோ கசிந்தோ கண் அழுத்தம் ஏறிவிடும். சிவந்த கண்ணும் தலை வெடிக்கிற வலியுமாக வந்து, “முத்தட்டும்னு இருந்தோம் டாக்டர்” என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். அந்த நிலையில் புரையை எடுத்தாலும், நரம்பு இழந்த பார்வை திரும்பாது.

அதற்காக நாளைக்கே ஓட வேண்டும் என்பதில்லை. வேலைக்கு இடைஞ்சல் வந்துவிட்டதா என்று பாருங்கள். விடியற்காலையில் ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குக் கால் வைக்கும்போது தயங்குகிறாரா? எதிரே வரும் லாரி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? இன்னொன்றும் கவனியுங்கள். இத்தனை நாள் கண்ணாடி போட்டுப் பேப்பர் படித்தவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்கிறார் என்றால், பார்வை தேறிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். புரை கெட்டியாகிக் கிட்டப்பார்வை வந்திருக்கலாம்.

வெயில் காலத்தைப் பற்றிய பயம் தேவையில்லை. எந்த மாதமும் செய்துகொள்ளலாம்.

சித்தப்பா சொன்ன லேசர் விஷயம்: புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வு. சில இடங்களில் ஆபரேஷனின் ஆரம்பக் கட்டங்களுக்கு மட்டும் லேசர் பயன்படுத்துவார்கள். சிலருக்கு ஆபரேஷன் முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கும். அதைச் சரிசெய்வதுதான் சில நிமிட லேசர். வலியைப் பொறுத்தவரை, சொட்டு மருந்தோ கண்ணைச் சுற்றி ஓர் ஊசியோ போட்டு மரத்துப்போகச் செய்வோம். அப்பா விழித்துத்தான் இருப்பார், வெளிச்சம் தெரியும், தண்ணீர் ஓடுவது தெரியும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இருமல் இருந்தாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கினாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் கவலையெல்லாம் அவருடைய சர்க்கரையைப் பற்றி. புரையை எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடும் என்று நம்பி வருபவருக்கு விழித்திரையும் கெட்டிருந்தால், ஆபரேஷன் நன்றாக நடந்தும் “ஒண்ணும் தெரியலையே” என்று உட்கார்ந்துவிடுவார். அதனால் மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்த்த பிறகே தேதி வாங்குங்கள். அங்கே கசிவு இருந்தால் அதற்கான ஊசியோ லேசரோ முதலில் வரலாம். அந்தப் பரிசோதனை நாளில் சில மணி நேரம் எல்லாம் மங்கலாக இருக்கும். தனியாக பைக்கில் அனுப்பாதீர்கள். ஆபரேஷன் தேதிக்காகப் பட்டினி போட்டோ, மாத்திரையை இரட்டிப்பாக்கியோ சர்க்கரையை அவசரமாக இறக்குவதும் கூடாது.

சிறுநீர் மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் டாம்சுலோசின் என்று இருந்தால் கண்டிப்பாகக் காட்டுங்கள். அது ஆபரேஷனின்போது பாப்பாவைச் சுருங்க வைக்கும், அதைச் சுற்றியுள்ள கருந்திரையைத் தளர வைக்கும். முன்பே தெரிந்தால் சர்ஜன் தயாராக இருப்பார். சாப்பிடுவதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

லென்ஸ் விலையைவிட அளவு முக்கியம். கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் ஏறத்தாழ 2.5 மாறிவிடும். தூரம், கிட்டம் இரண்டுக்குமான மல்டிஃபோகல் லென்ஸை அப்பாவுக்கு நான் சொல்லமாட்டேன். இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். இருட்டில் கிளம்பிப் போகும் தொழிலுக்கு அது ஒத்துவராது, விழித்திரைக் கோளாறு இருந்தால் இன்னும் பொருந்தாது. தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகல் போதும், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். இந்த லென்ஸோடு அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. எழும்பூர் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரி என்று தயங்க வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகான மாதம் உங்கள் கையில். சொட்டு மருந்து விடுபவர் ஒருவராகவே இருக்கட்டும். மீன் அலசிய கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். அப்பாவை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழ் இமையை லேசாக இழுத்து, அந்தக் குழிவில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமைமயிரில்கூடப் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தில் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளட்டும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. கண் நன்றாகத் தெரிகிறது என்று பாதியில் நிறுத்தினால் உள்ளே அழற்சி திரும்பும். டாக்டர் குறைக்கச் சொன்ன கணக்குப்படியே குறையுங்கள்.

கடலுக்குப் போவதற்கு ஒரு மாதமாவது பொறுங்கள், அதுவும் சர்ஜன் பார்த்துச் சரி என்ற பிறகு. உப்புத்தண்ணீர் தெறிப்பதும் வலை இழுக்கும் பாரமும் ஆறாத கண்ணுக்கு ஆகாது. போகத் தொடங்கிய பிறகு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

முதல் நாட்களில் லேசான உறுத்தலும் நீர் வடிதலும் இருக்கும். ஆனால் வலி கூடிக்கொண்டே போனாலோ, சிவப்பு அதிகமானாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு வாங்கி விட்டுப் பார்க்காதீர்கள். மறு பரிசோதனைத் தேதிவரையும் பொறுக்காதீர்கள். நடுராத்திரியானாலும் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆபரேஷன் செய்த இடத்துக்கு உடனே அழைத்துப் போங்கள்.