படிப்பு விசாவும் பகுதி நேர வேலையும்: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகள்

மகன் பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேர இருக்கிறான். பகுதி நேர வேலை பார்த்தே கடனை அடைத்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். முந்திரித் தோப்பை அடமானம் வைக்கலாமா? (பண்ருட்டி)

அந்தக் கணக்கை நம்பி வைக்காதீர்கள், ஐயா. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை செய்யக் கூடாது. அந்தச் சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். சென்ற மாதம் கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஓர் அம்மா, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கைப் பிரித்துக் காட்டினார். மகனின் வருமானம் வாராவாரம் ஏறிக்கொண்டே போனது. வாடகை என்று ஒரு வரி இல்லை, வங்கி வட்டியும் இல்லை. இருவரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். மிச்சம் என்று எதுவும் நிற்கவில்லை. அவர் தாளை மடித்துக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

படிப்பு முடிந்தபின் வேலை தேட அங்கே கிடைக்கும் 'கிராஜுவேட்' விசா 2 ஆண்டுக்கு உண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் 3 ஆண்டு. அதற்குள் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் அமைய வேண்டும். அமையாமல் மகன் ஊர் திரும்பினாலும் தோப்பை மீட்க முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

பிரிட்டனில் படிக்கும்போது நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி செய்யலாமா? (நெல்லித்தோப்பு)

கூடவே கூடாது. மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே அனுமதி இல்லை. பிடிபட்டால் விசா ரத்தாகலாம், படிப்பும் போய்விடும்.

வேலை வாய்ப்புக்கு ஜெர்மனியா, பிரான்ஸா? (லாஸ்பேட்டை)

ஜெர்மனியில் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம். பிரான்ஸில் ஆண்டுக்கு 964 மணி நேரம். ஆங்கில வழிப் படிப்பு இரண்டு நாட்டிலும் இருக்கிறது. ஆனால் நேர்முகத் தேர்வும் அலுவலகப் பேச்சும் பெரும்பாலும் அந்த நாட்டு மொழியில்தான். பிரெஞ்சு கற்க உங்களுக்கு உள்ளூரிலேயே அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே பி2 நிலையை (சரளமாக உரையாடும் அளவுக்கான மொழித் தேர்ச்சி) எட்டிவிடுங்கள். என் மனம் பிரான்ஸ் பக்கமே சாய்கிறது.

என் தாத்தா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்). எனக்கும் இந்த வரம்பெல்லாம் உண்டா? (முத்தியால்பேட்டை)

1962-இல் புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டாரா, அது அப்பா வழியாக உங்களுக்கு வந்து பதிவாகியிருக்கிறதா என்று பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் முதலில் கேளுங்கள். குடியுரிமை உறுதியானால் பிரான்ஸில் படிக்க உங்களுக்கு விசாவே தேவையில்லை. 964 மணி நேர வரம்பும் இல்லை.